இயந்திரம் தேடித் தரட்டும். கையொப்பம் மனிதருடையதாக இருக்கட்டும்

உயர்தரம், தொழினுட்பப் பிரிவு

கட்டிடம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருபவை சீமெந்தும் மணலும் கம்பியும்தான். அவற்றின் விலையைப் பற்றி வீட்டிலும் கடையிலும் பேசாதவர் இல்லை. ஆனால் எந்தக் கட்டிடமும் நிலத்தில் எழும்புவதற்கு முன்பே ஒருமுறை காகிதத்தில் எழும்பிவிடுகிறது. மாத்தளையில் ஒரு சிறிய வீடு கட்டுவதற்குக்கூடக் காணி உறுதி வேண்டும்; நில அளவையாளரின் வரைபடம் வேண்டும்; வீட்டுப் பிளான் வேண்டும்; மாநகர சபையின் அல்லது பிரதேச சபையின் அனுமதி வேண்டும். காணி மலைச்சரிவில் இருந்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கையும் வேண்டும். வேலை முடிந்த பிறகு, கட்டியது அனுமதித்தபடிதானா என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் வேண்டும். ஒரு வீட்டுக்கே இவ்வளவு என்றால், ஓர் அணைக்கட்டுக்கு, ஓர் அதிவேகப் பாதைக்கு, ஒரு வைத்தியசாலைக்கு எவ்வளவு காகிதம் சேரும்?

இந்தக் குவியலை ஒழுங்குபடுத்தும் வேலையை இன்று பல நாடுகளில் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது வரமா சாபமா என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. எனது கருத்து இதுதான்: தேடுவதற்கும், அடுக்குவதற்கும், ஒப்பிடுவதற்கும், மொழி விளங்காதவருக்கு விளக்கிச் சொல்வதற்கும் அந்த இயந்திரத்தை நாம் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஓர் ஆவணம் சரியானது என்று ஏற்றுக் கையொப்பமிடும் வேலையை அதனிடம் ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சில உண்மைச் சம்பவங்களைக் கொண்டு விளக்குகிறேன்.

நாலந்தையில் ஒரு பாடம்

ஆவணம் என்றால் என்ன என்பதை அறிய நாம் வெளிநாடு செல்லத் தேவையில்லை. மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் ஏ9 வீதியில் நாலந்தை என்ற இடத்தில் இறங்கிச் சற்று நடந்தால், நீர்த்தேக்கத்தின் அருகே ‘நாலந்த கெடிகே’ என்ற கற்கோயில் நிற்பதைக் காணலாம். தென்னிந்தியக் கட்டிடக் கலையும் பௌத்தமும் கலந்த இக்கட்டிடம் ஆயிரம் ஆண்டளவு பழைமையானது. மகாவலித் திட்டத்தின் கீழ் போவதென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, இது இருந்த இடம் நீரில் மூழ்கும் என்று தெரிந்தது. எனவே 1970களில் இதைக் கல் கல்லாகக் கழற்றி, உயரமான இடத்துக்குக் கொண்டு சென்று மீண்டும் பொருத்தினார்கள். இன்று நாம் காண்பது இவ்வாறு இடம் மாற்றப்பட்ட கட்டிடத்தைத்தான்.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான கற்கள் நிலத்தில் பரப்பிக் கிடக்கின்றன. எந்தக் கல் எந்த வரிசைக்குரியது, எதற்கு மேல் எது, எந்த முகம் வெளிப்பக்கம் என்ற பதிவு இல்லாவிட்டால் அது கட்டிடமா? வெறும் கற்குவியல்தானே! கல்லைத் தூக்கியது மனிதரின் தசைவலிமையும் பாரந்தூக்கியும்தான். ஆனால் குவியலை மீண்டும் கோயிலாக்கியது பதிவு. கட்டிடத்துக்கு ஒரு நினைவாற்றல் உண்டு என்றால், அது அதன் ஆவணங்களில்தான் இருக்கிறது.

எமது மாவட்டத்திலேயே இதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. நாவுலைப் பக்கம் உள்ள மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்கு 2017 ஜனவரியில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். அந்த அணைக்கட்டு நீண்ட காலம் நிற்க வேண்டியது. இன்னும் ஐம்பது வருடங்களில் அதன் ஓரிடத்தில் நீர்க்கசிவு ஏற்பட்டால், அதைப் பார்க்க வரும் பொறியியலாளர் இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தையாக இருக்கலாம். அவர் முதலில் கேட்கப்போவது, “இந்த இடத்தில் அத்திவாரம் எப்படி அமைக்கப்பட்டது?” என்றுதான். கட்டியவர்கள் எவரும் அப்போது பதில் சொல்ல இருக்கமாட்டார்கள். காகிதம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆவணக் கட்டுப்பாட்டாளர் என்றொரு தொழில்

பெரிய கட்டுமான இடங்களில் இக்காகிதங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவர் இருப்பார். அவரை ‘டொகியுமன்ட் கொன்ட்ரோலர்’ என்பார்கள். ஆவணக் கட்டுப்பாட்டாளர் என்று நாம் சொல்லலாம். மத்திய கிழக்குக்குச் சென்ற எம்மூர் இளைஞர்களில் இத்தொழில் பார்ப்பவர்களும் உண்டு. எங்கள் குடும்பத்திலும் ஒரு நானா கட்டாரில் இவ்வேலை செய்கிறார்.

அவர் சொல்லித்தான் ஒரு விடயம் எனக்கு விளங்கியது. ஒரு தூணின் வரைபடம் என்பது ஒரே ஒரு வரைபடம் அல்ல. முதலில் ஒன்று வரும். பிறகு கட்டிடக் கலைஞர் கதவை நகர்த்துவார், தூணும் நகரும், இரண்டாவது திருத்தம் வரும். நீர்க்குழாய் குறுக்கே போகிறது என்று மூன்றாவது வரும். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், திருத்த எழுத்து, திகதி, அனுப்பியவர், பெற்றவர் என்று பதிவு இருக்கும். ஒப்பந்தக்காரருக்கு ஏதாவது விளங்கவில்லை என்றால் எழுத்தில் கேள்வி அனுப்ப வேண்டும். பதிலும் எழுத்தில் வர வேண்டும். கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பியைப் பரிசோதித்த தாள், சீமெந்தின் சோதனை அறிக்கை, விபத்து அறிக்கை, கொடுப்பனவுப் பட்டியல் என்று எல்லாம் அவரது கையால்தான் போகும்.

“காகிதத்த அடுக்குறது லேசி தங்கச்சி. எது இண்டைக்குச் செல்லுபடியான காகிதம் எண்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியவெக்கிறதுதான் கஷ்டம்” என்றார் அவர்.

இது பெரிய கட்டிடங்களுக்கு மட்டும் உரிய கஷ்டம் அல்ல. எங்கள் அயலில் ஒரு வீடு கட்டும்போது மாடிப்படியின் இடத்தை மாற்றிப் புதிய பிளான் வரைந்தார்கள். வீட்டுக்காரரிடம் புதியது இருந்தது. மேசன் பாஸின் போனில் வட்ஸ்அப்பில் வந்த பழையது இருந்தது. அவர் தன்னிடம் இருந்ததைப் பார்த்து வேலை செய்தார். பிறகு கட்டியதை உடைக்க வேண்டி வந்தது. உடைத்த கூலி, மீண்டும் கட்டிய கூலி, வீணான சீமெந்து என எல்லாச் செலவும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்தது. மேசன் பாஸும் பிழை செய்யவில்லை. வீட்டுக்காரரும் பிழை செய்யவில்லை. பழைய பிளான் ‘நான் பழையது’ என்று சொல்லாமல் இருந்ததுதான் பிழை.

இதற்காகவே ஐ.எஸ்.ஓ. 19650 என்ற சர்வதேசத் தரம் 2018இல் வெளிவந்தது. ஓர் ஆவணம் இன்னும் வேலையில் இருக்கிறதா, மற்றவர்களோடு பகிரப்பட்டதா, பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டதா, பழையதாகிக் காப்பகத்துக்குச் சென்றதா என்ற நான்கு நிலைகளை அது பிரித்துக் காட்டுகிறது. எல்லோரும் ஒரே களஞ்சியத்தில் இருந்தே எடுக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

இயந்திரம் எதைச் செய்யும்?

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். அது இந்தக் களஞ்சியத்தில் என்ன வேலை செய்யும்?

முதலாவது, வாசித்து வகைப்படுத்தும். வரைபடத்தின் மூலையில் உள்ள பெட்டியில் இருந்து இலக்கத்தையும் திருத்த எழுத்தையும் திகதியையும் எடுத்து உரிய இடத்தில் சேர்க்கும். நானா போன்றவர்கள் நாள் முழுவதும் தட்டச்சுச் செய்யும் வேலை இது.

இரண்டாவது, கருத்தறிந்து தேடும். சாதாரணக் கணினித் தேடலில் நாம் எழுதிய சொல் அப்படியே இருந்தால்தான் கோப்பு கிடைக்கும். இதிலோ ‘கீழ்த்தளத்தில் தண்ணீர் கசிவதைப் பற்றி யார் முதலில் எழுதினார்?’ என்று கேட்டால், ‘ஈரம்’, ‘ஒழுக்கு’ என்று வேறு சொற்களில் எழுதப்பட்ட கடிதங்களையும் எடுத்துத் தரும்.

மூன்றாவது, ஒப்பிடும். ஒரே வரைபடத்தின் இரண்டு திருத்தங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, எங்கே கோடு மாறியது, எங்கே எண் மாறியது என்று நிறமிட்டுக் காட்டும்.

நான்காவது, காலக்கெடுவை நினைவூட்டும். இதன் பெறுமதி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. உலகில் பல நாடுகளில் பயன்படும் ‘பிடிக்’ ஒப்பந்தத்தின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஒப்பந்தக்காரருக்கு மேலதிகக் காலமோ பணமோ தேவைப்பட்டால், காரணமான சம்பவத்தை அறிந்து 28 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் நியாயமான உரிமையும் கைநழுவிப் போகலாம். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள் ஒளிந்திருக்கும் இத்தகைய நிபந்தனைகளைத் தேடி எடுத்துத் தருவது இயந்திரத்துக்கு ஏற்ற வேலை. மனிதர் களைத்துப் போவார், அது களைக்காது.

இவற்றையெல்லாம் எதிர்ப்பதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. பிரச்சினை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

கன்சாஸ் நகரத்து ஹோட்டல்

அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் ஹயாட் ரீஜென்சி என்ற ஹோட்டல் 1980இல் திறக்கப்பட்டது. அதன் பெரிய மண்டபத்துக்குக் குறுக்கே அந்தரத்தில் தொங்கும் நடைபாலங்கள் இருந்தன. 1981 ஜூலை 17ஆம் திகதி மாலை, மண்டபம் நிறைய மக்கள் கூடியிருந்தபோது, நான்காம் மாடிப் பாலம் அதற்கு நேர் கீழே தொங்கிய இரண்டாம் மாடிப் பாலத்தோடு சேர்ந்து விழுந்தது. 114 பேர் இறந்தனர். 200க்கும் அதிகமானோர் காயமடைந்தனர்.

காரணம் என்ன? முதல் வரைபடத்தின்படி, கூரையில் இருந்து இறங்கும் நீண்ட கம்பிகள் இரண்டு பாலங்களையும் தாங்க வேண்டும். அவ்வளவு நீளமான கம்பிக்குப் புரி போடுவது கஷ்டம் என்பதால், கம்பியை இரண்டாகப் பிரித்தார்கள். மேல் கம்பி கூரையில் இருந்து நான்காம் மாடிப் பாலத்தைத் தாங்கியது. கீழ்க் கம்பியோ அந்த நான்காம் மாடிப் பாலத்திலிருந்தே தொங்கி, இரண்டாம் மாடிப் பாலத்தைத் தாங்கியது.

பார்ப்பதற்கு இது சிறிய மாற்றம். ஒரு கயிற்றின் இரண்டு இடங்களில் இரண்டு வாளிகளைக் கட்டுவதற்கும், முதல் வாளியின் அடியில் இரண்டாவது வாளியைத் தொங்கவிடுவதற்கும் என்ன வித்தியாசம்? கயிற்றுக்கு வித்தியாசம் இல்லை. முதல் வாளியின் பிடிக்கு மட்டும் பாரம் இரண்டு மடங்காகும். அங்கும் நான்காம் மாடிப் பாலத்தின் இணைப்புக்கு அதுதான் நடந்தது.

நான் சொல்ல வருவது இதற்குப் பின்னால் உள்ளதை. அந்த மாற்றம் மறைக்கப்படவில்லை. ஆவணம் தொலையவும் இல்லை. மாற்றப்பட்ட வரைபடம் பொறியியலாளரின் அலுவலகத்துக்கு வந்து, பார்வையிடப்பட்டதாக முத்திரையும் பெற்றுத்தான் திரும்பிச் சென்றது. அந்த இணைப்பு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று கணித்துப் பார்த்தவர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். பின்னர் பொறுப்பான இரண்டு பொறியியலாளர்கள் மிசூரி மாநிலத்தில் தமது தொழில் உரிமத்தை இழந்தார்கள்.

அன்று செயற்கை நுண்ணறிவு இருந்திருந்தால் இவ்விபத்து நடந்திருக்காது என்று சிலர் சொல்லக்கூடும். இரண்டு வரைபடங்களையும் ஒப்பிட்டு, ‘அங்கே ஒரு கம்பி, இங்கே இரண்டு கம்பி’ என்று அது காட்டியிருக்கலாம், அது பேருதவிதான். ஆனால் அதே அறிக்கையில் இன்னும் நானூறு சிறு வித்தியாசங்களையும் சேர்த்துக் காட்டியிருந்தால்? வேலை நெருக்கடியில் இருக்கும் ஒருவர் ‘அனைத்தையும் ஏற்றுக்கொள்’ என்ற ஒரே பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்க மாட்டாரா? பார்க்காமல் குத்திய முத்திரைக்கும் பார்க்காமல் அழுத்திய பொத்தானுக்கும் வித்தியாசம் இல்லை. முன்பு ‘மற்றவர் பார்த்திருப்பார்’ என்று நினைத்தவர்கள், இனி ‘கணினி பார்த்திருக்கும்’ என்று நினைப்பார்கள். எனது அச்சம் இதுதான்.

எண்ணை மாற்றிய இயந்திரம்

இயந்திரம் பிழை விடாது என்ற நம்பிக்கை எம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. அதற்கு மருந்தாக இன்னொரு சம்பவத்தைச் சொல்கிறேன். இதுவும் ஒரு கட்டிட வரைபடத்தோடு சம்பந்தப்பட்டதுதான்.

2013இல் ஜேர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் விசித்திரமான ஒன்றைக் கண்டறிந்தார். ஒரு கட்டிட வரைபடத்தை ஸெரொக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, 21.11 சதுர மீற்றர் என்றிருந்த அறையின் பரப்பு, பிரதியில் 14.13 சதுர மீற்றர் என்று மாறியிருந்தது. எழுத்து மங்கவில்லை, கலங்கவில்லை. மிகத் தெளிவாக, வேறு எண்ணாக அச்சாகியிருந்தது. பெரிய அறைக்குச் சிறிய எண் எப்படி வந்தது என்று மனிதக் கண் ஐயப்பட்டதால்தான் இது வெளிவந்தது.

காரணம் கோப்பின் அளவைச் சுருக்கும் முறை. பக்கத்தில் ஒன்றையொன்று ஒத்த சிறு பகுதிகள் பல இருந்தால், ஒன்றை மட்டும் சேமித்து மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும். இரண்டு எண்கள் ஒரே மாதிரி இருப்பதாக அது கருதியபோது, ஓர் எண்ணின் இடத்தில் இன்னோர் எண் வந்து அமர்ந்தது. பின்னர் அந்நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது.

இத்தனைக்கும் அது செயற்கை நுண்ணறிவு அல்ல; வெறும் ஸ்கேன் இயந்திரம். இன்றைய மொழி மாதிரிகளோ இதைவிட ஒரு படி மேலே போய், இல்லாததையும் நம்பும்படி எழுதித் தரக்கூடியவை. 2023இல் நியூயோர்க்கில் வழக்கறிஞர்கள் சட்ஜிபிடி தந்த முன்வழக்குகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். தேடிப் பார்த்தபோது அப்படியான வழக்குகள் உலகில் நடக்கவே இல்லை. நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். சட்டக் காகிதத்தில் பொய் வந்தால் வழக்கு விழும். கட்டிடக் காகிதத்தில் பொய் வந்தால் கூரை விழும்.

எமது மலைகளும் மூன்று மொழிகளும்

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்று நாம் இருந்துவிட முடியாது. எமது மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டு சென்றது. மாத்தளை மலைப்பகுதிகளும் அதில் தப்பவில்லை. வீடு போனவர்களுக்கு உறுதியும் பிளானும் கூட வீட்டோடு போயின. ஒரே பிரதியாக அலுமாரிக்குள் இருந்த காகிதம், அலுமாரி போன வழியே போயிற்று.

இனி அம்மக்கள் மீண்டும் கட்ட வேண்டும். எந்தச் சரிவில் கட்டலாம், எங்கே கூடாது, மண்ணை எவ்வளவு உயரம் வெட்டலாம், மழைநீரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், தாங்குசுவர் வேண்டுமா என்பன போன்ற நிபந்தனைகள் அறிக்கையில் வரும். அந்த அறிக்கையின் ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

ஆனால் அவ்வரிகளை வாசிப்பவர் யார்? எம்மைப் போன்ற குடும்பங்களில் நடப்பதைப் பாருங்கள். கடிதம் சிங்களத்தில் வருகிறது. பிளான் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் வாசிப்பது தமிழ். பிளானில் அளவுகள் மில்லிமீற்றரில் இருக்கும். மேசன் பாஸ் அடி, அங்குலத்தில் அளப்பார். காணியைப் பேர்ச்சில் பேசுவோம். பிளானில் உள்ள 3000 என்ற எண்ணை, கிட்டத்தட்ட 9 அடி 10 அங்குலம் என்று யாராவது மாற்றிச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அந்த ‘யாராவது’ பாடசாலை செல்லும் பிள்ளைதான்.

செயற்கை நுண்ணறிவால் எமக்குக் கிடைக்கக்கூடிய பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சிங்கள அறிக்கையைத் தமிழில் விளக்கி, ‘நீங்கள் செய்ய வேண்டியவை இவை, செய்யக்கூடாதவை இவை’ என்று பிரித்துத் தந்தால் எவ்வளவு நல்லது! மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரச ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் இயந்திரம் பற்றிப் பல வருடங்களாக ஆய்வு செய்து வருகிறார்கள். அது பாராட்டப்பட வேண்டிய பணி.

ஆயினும் ‘வெட்டலாம்’ என்பதற்கும் ‘வெட்டலாகாது’ என்பதற்கும் இடையில் இருப்பது இரண்டே எழுத்துகள். மொழிபெயர்ப்பில் அந்த இரண்டு எழுத்துகள் விழுந்துவிட்டால், சரிவில் மண்வெட்டி விழும். ஆகவே இயந்திரம் தந்த தமிழை வைத்து விடயத்தை விளங்கிக்கொள்ளலாம். வேலையைத் தொடங்குவதற்கு முன் மூல அறிக்கையைத் தெரிந்த ஓர் உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதி செய்தேயாக வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. உறுதியில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், காணியின் எல்லை எல்லாம் இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கண்ட செயலியில் எல்லாம் அதை ஏற்றுவது, வீட்டுச் சாவியைச் சந்தியில் தொங்கவிடுவதற்குச் சமம். எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து காப்பதற்கு முன் நாமே காத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இரண்டு ஆட்சேபங்கள்

இக்கருத்தை வீட்டில் சொன்னபோது எனக்கு இரண்டு ஆட்சேபங்கள் வந்தன. இரண்டும் நியாயமானவை.

முதலாவது, ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நல்ல பாஸ் இருந்தால் காகிதம் எதற்கு?’ என்பது. அனுபவத்தின் பெறுமதியை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல பாஸும் ஒருநாள் ஓய்வு பெறுவார். சுவருக்குள் மின்கம்பி எங்கே போகிறது, மலக்குழி எங்கே இருக்கிறது என்பது அவரது நினைவில் மட்டும் இருந்தால், அவரோடு அதுவும் போய்விடும். கறிக்கு உதவாத ஏடுகளும் உண்டுதான். கட்டியபடி வரைந்த பிளான் அப்படியான ஏடு அல்ல. பத்து வருடங்களின் பின் சுவரில் துளையிடும் நாளில் அதன் அருமை தெரியும்.

இரண்டாவது, தொழில் பற்றியது. ‘இயந்திரம் எல்லாவற்றையும் அடுக்கினால் கட்டாரில் இருக்கும் நானாவின் வேலை என்னாவது?’ என்று உம்மா கேட்டார். இக்கேள்வியைச் சிரித்துத் தட்டிக்கழிக்க முடியாது. எத்தனை குடும்பங்களின் அடுப்பு அந்தச் சம்பளத்தில் எரிகிறது! பெயரிடுவது, ஸ்கேன் செய்வது, பதிவது போன்ற வேலைகள் குறையும் என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். எஞ்சப்போவது சரிபார்க்கும் வேலை. எந்தத் திருத்தம் செல்லுபடியானது, இயந்திரம் எடுத்த எண் மூலத்தில் உள்ளதா, விடுபட்டது எது என்று பார்ப்பவர் தேவைப்படுவார். ஆனால் அவருக்குத் தட்டச்சு மட்டும் தெரிந்தால் போதாது. வரைபடம் வாசிக்கவும், ஒப்பந்தம் வாசிக்கவும், மூன்று மொழிகளில் விளங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில் நான் எம் பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். கட்டுமானம் ஆண்களின் துறை என்று பலர் நினைக்கிறார்கள். தொழினுட்பப் பிரிவைத் தெரிவு செய்யும் மாணவிகளிடம், ‘நீங்க போய்க் கல் சுமக்கப் போறீங்களா?’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல் சுமப்பதும் கண்ணியமான வேலைதான். ஆனால் கணிய அளவையியல், ஆவணக் கட்டுப்பாடு, வரைபடச் சரிபார்ப்பு ஆகியவற்றுக்கு வேண்டியது நிதானமும் நுணுக்கமும் மொழியறிவும். இவற்றில் எம்மிடம் என்ன குறை?

எழுத்தும் சாட்சியும்

எழுதி வைப்பதும் பொறுப்பேற்பதும் எமக்குப் புதியவை அல்ல. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரதுல் பகராவின் 282ஆம் வசனம் என்பதை நாம் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். அது தவணைக் கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்றும், சாட்சிகள் வேண்டும் என்றும் அது விரிவாகக் கூறுகிறது. எழுதும் கருவி எது என்பதில் மாற்றம் வரலாம். நாணற் பேனா போய்த் தட்டச்சு வந்தது, இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. ஆனால் எழுதியதற்குப் பொறுப்புச் சொல்பவரும் சாட்சி சொல்பவரும் மனிதர்தான். இயந்திரத்தைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க முடியாது. அமானிதம் என்ற சொல்லின் பாரத்தை அதன் மேல் வைக்கவும் முடியாது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்களைப் பற்றி முடிவெடுப்பது என் போன்ற மாணவியின் கையில் இல்லை. எனினும் நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: அபாயப் பிரதேசங்களில் வழங்கப்படும் அறிக்கைகளோடு, உத்தியோகத்தர் ஒருவர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட தமிழ்ச் சுருக்கம் ஒரு பக்கமாவது இணைக்கப்பட வேண்டும். முதல் வரைவை இயந்திரம் எழுதட்டும்; அதனால் நேரம் மிச்சமாகும்.

இரண்டு: இயந்திரம் பரிசீலித்த எந்த ஆவணத்திலும், அதைப் பார்த்த மனிதரின் பெயரும் பதவியும் திகதியும் இருக்க வேண்டும். அதோடு அவர் எதைச் சரிபார்த்தார் என்பதும் எழுதப்பட வேண்டும். ‘பார்த்தேன்’ என்பதைவிட ‘இந்த இணைப்பின் பாரத்தைக் கணித்தேன்’ என்பது எவ்வளவு உறுதியான சொல்!

மூன்று: தொழினுட்பப் பிரிவில் படிக்கும் எமக்கு, வரைபடத் திருத்தங்களைப் பதிவது, பழையதை நீக்குவது, இயந்திரம் தந்த பதிலை மூலத்தோடு ஒப்பிடுவது ஆகியவற்றைச் செயற்றிட்டமாகத் தரலாம். பாடசாலைக் கட்டிடத்தின் பிளானில் இருந்தே தொடங்கலாம்.

நான்கு: இது எம் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் உரியது. உறுதி, பிளான், அனுமதி, அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். கடைசிப் பிளான் எதுவோ அதன் மேல் திகதியோடு ‘இதுவே இறுதியானது’ என்று எழுதுங்கள். பழையதின் மேல் குறுக்குக் கோடு போடுங்கள். இதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. ஒரு பேனை போதும்.

ஒழுங்கில்லாத வீட்டில் எவ்வளவு கெட்டிக்கார வேலையாள் வந்தாலும் சாமானைத் தேடித் தர முடியாது. அதுபோல, காகிதமே இல்லாத இடத்திலும், இருக்கும் காகிதம் பொய்யான இடத்திலும், எந்தச் செயற்கை நுண்ணறிவும் உதவாது. உண்மையான காகிதத்தை உண்டாக்குவது எம் கடமை. அதைத் தேடித் தருவது இயந்திரத்தின் வேலையாக இருக்கட்டும். தேடித் தந்ததைத் திறந்து வாசித்து, கணித்து, பெயர் எழுதிக் கையொப்பமிடும் பொறுப்பை நாமே வைத்துக்கொள்வோம். அந்தக் கூரையின் கீழ் உறங்கப்போவது மனிதர்கள் அல்லவா?